கண்மாய்க்கரைப் பாதைக்கு ஏற்ற தற்காப்பு

ஐயா, அம்மணி,

பினாங்கில் நெடுங்காலமாகச் சிறு துணிக்கடை நடத்திவரும் நான், சென்ற ஐப்பசியில் தீபாவளியை முன்னிட்டுத் தாயகம் சென்று மீண்ட செய்தியைத் தங்கள் முன் வைக்கின்றேன். பள்ளியில் நான் பயின்றது சொற்பம். கடைச் சரக்கைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைகளை விரித்து வாசித்தே எழுதும் முறையைப் பழகிக்கொண்டேன். ஆகையால் நடையில் குறை தென்படின் பொறுத்தருள வேண்டும். செய்தியில் குறை வையேன்.

கப்பலில் இடம் கிடைத்த வரலாற்றையும் சுங்கத்தில் பெட்டி திறந்த வரலாற்றையும் தாங்கள் பலர் எழுதக் கண்டிருப்பீர்கள். அவற்றை விடுத்து, திருச்சிராப்பள்ளியில் கீரனூர் பஸ் ஏறியதிலிருந்து தொடங்குகின்றேன். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. என் பெட்டியைக் கூரைமேல் ஏற்றித் தார்ப்பாய் போர்த்திய கண்டக்டர், "மலேயாப் பெட்டி நனையக் கூடாதுங்க. நீங்க உள்ள வாங்க" என்றார். உள்ளே கூரை ஒழுகிற்று. கோழிக் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் என் சட்டை நனைவதைப் பார்த்து, "பெட்டியாப் பொறந்திருக்கலாம் போல" என்றாள். பஸ் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். தாய்மண்ணில் என்னை வரவேற்ற முதற் சொல் அதுவே.

கீரனூர் ஓட்டலில் இட்டலி உண்டேன். பினாங்கில் காப்பியைக் கோப்பையிலிருந்து தட்டில் சரித்து ஆற்றிக் குடிப்போம். இங்கே டம்ளரிலிருந்து டபராவுக்கு முழங்கை உயரம் இழுத்து ஆற்றுகின்றார்கள். ஒரு துளியும் சிந்தவில்லை. அங்கிருந்து மாட்டுவண்டியில் குன்றாண்டார்கோவில் போய்ச் சேர்ந்தேன். என் தங்கை மீனாட்சியின் வீடு குடைவரைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி உள்ளது.

மீனாட்சியின் ஒரே மகள் சிவகாமி. மணமான சில ஆண்டுகளில் கணவனை இழந்தவள். மனம் தளராமல் திருச்சி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பயின்று, இவ்வட்டாரத்துக் கிராமங்களுக்கு மருத்துவச்சியாக அமர்ந்திருக்கின்றாள். ஊரார் அவளை நர்ஸம்மா என்பர். நான் வாசலில் இறங்கியதும் ஓடிவந்து என் பாதத்தைத் தொட்டு வணங்கினாள். ஒரு கையால்தான் தொட்டாள். மறு கையால் ஒரு கறுப்புத் தோல் பையை அக்குளில் இடுக்கியிருந்தாள். அப்போது அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

இரவு வரகரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறியபடியே தங்கை செய்தியைச் சொன்னாள். முந்திய மாதம் பக்கத்துக் கிராமத்தில் பிரசவம் முடித்துச் சிவகாமி கண்மாய்க்கரை வழியாகத் தனியே திரும்பியபோது, எவனோ ஒருவன் பின்னாலிருந்து பையைப் பற்றி இழுத்திருக்கின்றான். இவள் விடவில்லை. அவனும் விடவில்லை. கரையோரத்துக் கருவேல முள்ளில் இவளைத் தரதரவென்று இழுத்துச் சென்றிருக்கின்றான். எதிரே வண்டிச் சத்தம் கேட்ட பிறகே ஓடினான். முழங்கை முதல் மணிக்கட்டு வரை கீறிய வடு இன்னும் ஆறாதிருந்தது.

"பையை மட்டும் குடுக்கலையாம்ல" என்று பக்கத்து வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். நானும், "சபாஷ், ஆத்தா" என்றேன்.

சிவகாமி சிரிக்கவில்லை. "என்ன சபாஷ், மாமா? இப்பக் காலடிச் சத்தம் கேட்டாப் போதும், கை வேர்த்துருது. வேர்த்த கையால புள்ளையை எப்படி வாங்குறது?" என்றாள்.

அன்று முதல் தொலைவான ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் தலைவலி, காய்ச்சல் என்று தட்டிக் கழித்துவந்தாள். மீனாட்சி கண்ணீருடன், "அண்ணே, இவளை ஒங்களோட கூட்டிக்கிட்டுப் போயிருங்க. அங்கன கடையில ஒக்காந்து துணி கிழிச்சாலும் உசுரோட இருப்பா" என்றாள்.

"துணி கிழிக்கவா நான் பிரசவம் பார்க்கப் படிச்சேன்?" என்றாள் மகள்.

முடிவில் தங்கை ஒன்று கேட்டாள்: நான் கப்பலேறுவதற்குள் சிவகாமி அச்சமின்றிப் போய்வர ஒரு வழி செய்ய வேண்டும், இயலாவிடில் வேலையிலிருந்து விடுவித்துப் பினாங்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நான் ஒப்பினேன். எங்கள் கடைக்குப் பின்னுள்ள தென்னந்தோப்பில் மலாய் இளைஞர் தற்காப்புக் கலை பயில்வதைக் கண்டிருக்கின்றேன். நம் நாட்டுக் கலை அதற்கு இளைத்ததன்று என்பதும் என் நம்பிக்கை. ஆகவே நல்ல ஆசான் ஒருவரைத் தேடிப் பிடித்தால் போதும் என்று எண்ணினேன்.

மறுநாள் புதுக்கோட்டை சென்றோம். பழைய சமஸ்தான நகரம். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. விசாரித்ததில் எல்லாரும் ஒரு சிலம்ப வாத்தியாரையே சுட்டினர். மீசை முறுக்கி, காவி முண்டாசு கட்டி, சிங்கம் போல் நின்றார். பிற ஊர்க்காரர் என்றதும் எங்களுக்காகத் தனியே ஆட்டம் காட்டினார். அவரும் சீடர் ஒருவரும் எதிரெதிரே நின்று, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்து, பிறகு கம்பை எடுத்தனர். ஐயா, அதை எவ்வாறு எழுதுவேன்! கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றின் ஓசை மட்டும் கேட்டது. நான் வீசிய எலுமிச்சம் பழம் அவர் மேல் படாமல் தெறித்துப் போயிற்று. என் மனம் அப்போதே முடிவு செய்துவிட்டது.

சிவகாமிதான் கேட்டாள். "அண்ணே, நல்லாருக்குங்க. ஒரு சந்தேகம். ஒரு கையில குடை, ஒரு கையில பை. பின்னாலருந்து ஒருத்தன் வந்து புடிக்கிறான். அப்ப மண்ணைத் தொட்டு வணக்கம் எப்ப வைக்கிறது?"

சீடர்கள் வாயைப் பொத்திக்கொண்டனர். வாத்தியார், "கையில கம்பு இருந்தா எவன்மா கிட்ட வருவான்?" என்றார்.

"கம்பு இல்லைன்னா?"

"கம்பு இல்லாம ஏன் போறீக?"

"புள்ளைப் பேறு வீட்டுக்குள்ள கம்போட போனா, மாமியா மருமக சண்டையில நான் எந்தக் கட்சின்னு கேப்பாகளே."

வாத்தியாரும் சிரித்துவிட்டார். பிறகு நேர்மையாகவே சொன்னார்: கால்வைப்பு மட்டும் பிடிபட ஓராண்டு ஆகும், கம்பு தானாகப் பேச அதற்கு மேலும் ஆகும். மோர் கொடுத்து அனுப்பினார். அவர் கலையின் மேல் எனக்கு எக்குறையும் இல்லை. ஆனால் அது எதிரியும் வணக்கம் வைக்கும் இடத்துக்கு உரியது.

அடுத்த நாள் அன்னவாசல் பக்கம் ஒரு வர்ம ஆசான் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வழியில் சித்தன்னவாசல் குகையையும் பார்த்தோம். காவற்காரர், "பாறை ஈரமா இருக்கு, வழுக்கும். பையை அங்கிட்டு வச்சுட்டு ஏறுங்கம்மா" என்றார். சிவகாமி வைக்கவில்லை, அணைத்துக்கொண்டே ஏறினாள். தூணில் ஆடல்மகள் ஓவியம் உண்டு. கையைக் குறுக்கே வீசி நிற்கும் அதை வெகுநேரம் பார்த்தவள், "கையைப் பாருங்க மாமா. எதையும் புடிக்காம எம்புட்டு லேசா நிக்கிது" என்றாள்.

வர்ம ஆசான் மெலிந்தவர். உடம்பில் இன்ன இடத்தில் விரல் வைத்தால் யானையும் சுருளும் என்றார். தம் சீடனை அழைத்துத் தோளுக்குக் கீழே ஒரு விரலால் தொட்டார். அவன் வாழைத்தண்டு போல் சரிந்தான். இன்னோர் இடம் தொட்டார், எழுந்து உட்கார்ந்தான். நான் மெய்சிலிர்த்துப் போய், இதுவே நமக்கு ஏற்றது, கம்பும் வேண்டாம், காலமும் வேண்டாம் என்று சிவகாமியின் காதில் சொன்னேன்.

அவள், "ஐயா, எங்க மாமாவைத் தொடுங்க பாப்போம்" என்றாள்.

ஆசான் தயங்கினார். பிறகு என் தோளுக்குக் கீழே விரல் வைத்தார். நான் நின்றேன். அழுத்தினார். வலித்தது, ஆயினும் நின்றேன். வேறோர் இடம் அழுத்தினார். மரியாதைக்காக விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. அவர் விரலை எடுத்து உதறிக்கொண்டு, "கப்பல் காத்து பட்ட ஒடம்பு. வர்மம் ஏறாது" என்றார்.

திரும்பும் பஸ் ஒரு தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. மேலே வெள்ளம் ஓடிற்று. நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் டிரைவர். அவித்த கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் இறங்கி நின்றோம். மனம் சோர்ந்து, நடந்ததைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மன்னிக்கணுமுங்க. காதுல விழுந்துருச்சு. அந்தத் திருடனும் கப்பல்ல வந்தவனா இருந்தா என்னங்க பண்றது?"

சுருட்டுப் புகையின் நடுவே பருத்த மனிதர் ஒருவர் நின்றார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கீரனூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கின்றார். ஊரார் இன்னும் ஏட்டையா என்றே அழைக்கின்றனர். தம் பெருமையைத் தாமே பேசுவதில் அவருக்குக் கூச்சமில்லை. பழைய சமஸ்தானத்தில் தாம் பிடிக்காத திருடன் பிறக்கவில்லை என்றார். ஆயினும் அவர் செய்த ஒன்றை இருபெரும் ஆசான்களும் செய்யவில்லை. கையைக் காட்டுவதற்கு முன் பாதையைக் கேட்டார்.

"எந்த எடத்துலம்மா புடிச்சான்? கரை ஏறுற எடமா, எறங்குற எடமா?"

"எறங்குற எடத்துல. கருவேலம் மண்டிக் கெடக்கும்."

"வயக்காட்டுல ஆளு இருந்துச்சா?"

"அங்கிட்டு நடவு நட்டுக்கிட்டு இருந்தாக. ஆனா என் கொரலு எட்டாது."

"போறப்போ யாரு கூட வருவா?"

"போறப்போ ரெண்டு பேரு வண்டி கட்டிக்கிட்டு வந்து கூப்பிடுவாக. வாரப்போ ஒருத்தரும் வரமாட்டாக. புள்ளை பொறந்துட்டாத் தீட்டு வீடு. தீட்டுக்காரவுக ஊரு எல்லையைத் தாண்ட மாட்டாக."

ஏட்டையா கடலைத் தோலை வெள்ளத்தில் எறிந்தார். "தீட்டு பங்காளிக்குத்தானே? மாமன் மச்சானுக்கு ஏது தீட்டு? அந்த வீட்டுல மாமன் மச்சான் ஒருத்தன் கூடவா இல்லாமப் போயிட்டான்? கொண்டாந்து விடுறதுக்கு ஆளைச் சொல்லிட்டுத்தான் வண்டியில ஏறுவேன்னு சொல்லு. மொதப் பாடம் முடிஞ்சுருச்சு."

நானும் சிவகாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவ்வளவு எளியதை எங்களில் எவரும் எண்ணவில்லை.

"மத்தப் பாடம்?" என்றேன்.

"ஒங்க மருமகளைப் பயில்வான் ஆக்க என்னால ஆகாதுங்க. ஆக்குறேன்னு சொல்றவனை நம்பாதீங்க. தொட்டா விழுறதுக்குன்னே ஆளு வச்சிருக்கிறவன்கிட்டப் போகவே போகாதீங்க. ஒருத்தன் கிட்டருந்து கழண்டு, சத்தம் போட்டு, ஓட, அதுக்கு மட்டும் சொல்லித் தாரேன்."

மறுநாள் முதல் கீரனூர்ப் பயணமே எங்கள் தினப்படி ஆயிற்று. சைக்கிள் கடையின் பின்னே புளியமரத்தடி. பெண்ணை அயலான் தொட்டுப் பழக்குதல் முறையன்று என்று ஏட்டையா தம் மனைவி ராக்காயியைத் திருடனாக நிறுத்தினார். அந்த அம்மாள் கணவரைவிட உயரம்; வயலில் உரமேறிய கை. "இருபது வருசமா இவுககிட்டருந்து கழண்டு ஓடிப் பழகுனவ நான். என்கிட்டக் கத்துக்க, ஆத்தா" என்று சொல்லி, சிவகாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சிவகாமி தான் வழக்கமாய் உடுத்தும் சேலையிலேயே, குடையும் பையுமாகவே பழக வேண்டும் என்பது ஏட்டையாவின் கட்டளை. "திருடன் வாரப்போ நீ உடுப்பு மாத்திக்கிட்டா நிப்ப?" என்பார். பிடித்த கையிலிருந்து கட்டை விரல் இருக்கும் பக்கமாக இழுத்தால் கழலும். அங்கே பிடி தளர்வு. அது விரைவில் வந்தது. கத்துவதுதான் வரவில்லை. பிரசவ அறையில் தாழ்ந்து பேசிப் பழகியவள். "வயல்ல எறங்குன மாட்டை வெரட்டுற மாதிரி கத்து. ஐயோன்னு கத்தாத, எங்கன இருக்கேன்னு கத்து" என்றாள் ராக்காயி. ஒரு நாள் சிவகாமி, "கண்மாய்க்கரை! திருடன்! ஓடியாங்க!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் உண்மையிலேயே உலக்கையுடன் ஓடிவந்துவிட்டனர். அவர்களுக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பினோம்.

எல்லாம் வந்தும் ஒன்று வரவில்லை. ராக்காயி பையைப் பற்றி இழுத்தால் சிவகாமியின் கை அதை விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தால் உருவிக்கொள்பவள், பையைப் பிடித்தால் இழுபட்டு விழுந்தாள்.

"விட்டுருத்தா!" என்று ஏட்டையா கத்துவார். "பை போனாப் போகட்டும்!"

"விடணும்னுதான் நெனைக்கிறேங்க. கை வர மாட்டேங்குது."

"உள்ள அப்படி என்ன வைரமா இருக்கு?"

"கத்திரிக்கோலு, பேசின், லோஷன் புட்டி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு அவள் முள்ளில் இழுபட்டது வீரத்தால் அன்று. கையைத் திறக்க இயலாமையால். நான் சபாஷ் என்றேனே! ஏட்டையா பைக்குப் பதிலாகப் பூசணிக்காயைக் கொடுத்துப் போடச் சொன்னார். செம்பைக் கொடுத்துப் பார்த்தார். எதைக் கொடுத்தாலும் சிவகாமி மெல்லக் குனிந்து தரையில் வைத்தாள். விழவிடவில்லை. ஏட்டையா சுருட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிவகாமி வியர்வையைத் துடைத்தபடி தயங்கிச் சொன்னாள். "படிக்கிறப்போ மொத நாளே சொன்னாக. புள்ளை ஈரத்தோட வழுக்கிக்கிட்டு வரும், என்ன ஆனாலும் நழுவ விட்றாதன்னு. அத்தனை பிரசவத்துலயும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன். இப்ப விடுன்னா எப்படிங்க விடும்?"

கப்பல் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவளைப் பினாங்கில் என் கடைக் கல்லாவின் பக்கத்தில் அமர்த்தி, துணி அளக்கச் செய்வது போல ஒரு தோற்றம் மனத்தில் எழுந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

ராக்காயி முந்தானையை உதறிச் செருகினாள். "நீங்க ரெண்டு ஆம்பளைகளும் புள்ளைப் பேறு பாத்ததில்ல. ஏன் ஆத்தா, புள்ளையை வாங்குவ. வாங்கிட்டு? நீயேவா வச்சுக்கிருவ?"

"இல்லைங்க. பக்கத்துல நிக்கிற பொம்பளைகிட்டக் குடுப்பேன்."

"என்ன சொல்லிக் குடுப்ப?"

"இந்தா புடின்னு."

"அதைத்தான் செய்யி. விடாத. குடு!"

சொல்லிக்கொண்டே பையைப் பற்றினாள். சிவகாமி, "இந்தா புடி!" என்றபடி பையை அவள் மார்போடு சேர்த்து இரு கையாலும் நீட்டித் தள்ளினாள். ராக்காயியின் இரு கைகளும் தாமாக எழுந்து பையை வாங்கி அணைத்துக்கொண்டன. சிவகாமி அதற்குள் புளியமரத்துக்கு அப்பால் நின்றிருந்தாள். தன் வெறுங்கைகளைத் தானே பார்த்துக்கொண்டாள்.

ஏட்டையா எழுந்து நின்று, "இதைத்தான் நான் மொதல்லருந்தே சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"ஆமா, சொன்னீக" என்றாள் மனைவி.

மறுநாள் பயிற்சி கண்மாய்க்கரையிலேயே நடந்தது. ஈர மண், கருவேலம், சரிவு, எல்லாம் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றார் ஏட்டையா. தாய்மாமன் என்ற உரிமையில் என்னையே திருடனாக்கினர். வேட்டியை மடித்துக் கட்டி, புதர் மறைவிலிருந்து பாய்ந்து பையைப் பற்றினேன். "இந்தா புடி!" என்ற குரல் கேட்டது. அடுத்த கணம் பையை இரு கையாலும் அணைத்தபடி நான் மட்டும் கரையில் நின்றேன். வழியே போன ஆடு மேய்ப்பவர், "என்னங்க, நர்ஸு வேலைக்கு வந்திருக்கீகளா?" என்று விசாரித்தார். பன்முறை செய்தோம். ஒருமுறை அவள் குதிகால் என் முன்னங்காலில் பட்டு நல்லெண்ணெய் தடவும்படி ஆயிற்று. வலித்ததாயினும் மகிழ்ச்சியே மிகுந்தது.

தீபாவளி கழிந்த சில நாட்களில் கண்மாய்க்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து காலையிலேயே வண்டி வந்தது. முன்போல் தலைவலி என்று சொல்லாமல், "கொண்டாந்து விட யாரு வருவா? சொன்னாத்தான் ஏறுவேன்" என்று சிவகாமி கேட்டாள். வந்தவர்கள் வண்டியருகே கூடிப் பேசினர். பிறகு கர்ப்பிணியின் தம்பி கருப்பையா வருவான் என்று ஒப்பினர். தங்கையின் முகத்தைப் பார்த்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் தனி இலையில் எனக்குக் கிடைத்தன. வண்டி தீட்டு வீட்டாருடையது; ஆகவே பிறகு நாங்கள் மூவரும் கால்நடையாகக் கிளம்பினோம். கருப்பையா நல்ல பிள்ளை. ஆனால் மலேயாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். "அங்கன ரப்பர் மரத்துல பாலு வருமாமே, குடிக்கலாமாங்க?" நான் விளக்கிக்கொண்டே வந்ததில் நாங்கள் இருவரும் பின்தங்கிவிட்டோம். சிவகாமி முன்னே கரையிறங்கும் இடத்தை அடைந்துவிட்டாள்.

கருவேலத்தின் பின்னிருந்து ஒருவன் எழுந்தான். அவன் பையைப் பற்றினான். சிவகாமியின் உடல் ஒரு கணம் இறுகியதைத் தூரத்திலிருந்தே கண்டேன். பின்னர் அக்குரல் எழுந்தது.

"இந்தா புடி!"

பை அவன் மார்பில் மோதியது. அவன் இரு கையாலும் அதை வாங்கிக்கொண்டு விழித்தபடி நின்றான். நான் நின்றேனே, அதே நிலை. சிவகாமி எங்களை நோக்கி ஓடிவந்தாள். "கண்மாய்க்கரை! திருடன்! ஓடியாங்க!" குரல் கண்மாய் நீரில் பட்டுத் திரும்பிற்று. வயலில் குனிந்திருந்த நடவுப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தனர்.

அவன் எங்களைக் கண்டதும் கரையை விட்டு வயலில் இறங்கினான். உழுது சேறாக்கிய வயல். முழங்கால் வரை புதைந்தான். ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைந்தது. பையை மட்டும் ஏனோ கீழே போடவில்லை. பெண்கள் நாற்றுக் கட்டுகளுடன் நாற்புறமும் வந்து வளைத்துக்கொண்டனர்.

"நர்ஸம்மா பையைத் தூக்கிக்கிட்டு ஓடுறியே, ஒனக்கு எத்தனை மாசம்?" என்றாள் ஒருத்தி.

"சேத்துல ஓடாதப்பா. புள்ளைத்தாச்சி பாத்து நடக்கணும்" என்றாள் மற்றொருத்தி.

நாற்றால் முதுகில் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை. கருப்பையா அவனைத் துண்டால் கட்டிக் கரையேற்றினான். அவன் இந்தப் பக்கத்தவன் அல்லன். பையில் விலையுயர்ந்த மருந்து உண்டென்று எவரோ சொன்னதைக் கேட்டு முன்னும் வந்தவன் அவனே என்று ஒப்புக்கொண்டான். கீரனூர் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். ஏட்டையா அங்கும் வந்து, தாம் பிடித்தது போலவே பேசினார். அன்று அவர் எதைப் பேசினாலும் எனக்கு இனித்தது.

பையில் லோஷன் புட்டி மட்டும் உடைந்திருந்தது. சிவகாமி வரப்பில் உட்கார்ந்து கத்திரிக்கோலையும் பேசினையும் ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்தாள். அருகில் போய், "பயந்துட்டியா ஆத்தா?" என்று கேட்டேன்.

"பயந்தேன் மாமா. ஆனா பாருங்க" என்று இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். சேறு இருந்தது, வியர்வை இல்லை.

வீட்டில் செய்தி கேட்ட மீனாட்சி அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்த அகால வேளையிலும் பணியாரக் கல்லை அடுப்பில் ஏற்றினாள். நடவுப் பெண்கள், கருப்பையா, சைக்கிளில் வந்து இறங்கிய ஏட்டையா, ராக்காயி, எல்லாரும் உண்டார்கள். பினாங்குக்கு அழைத்துப் போவது பற்றி என் தங்கை அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் நினைவூட்டவில்லை. நாடு வந்த நாள் முதல் என் மார்பில் கிடந்த பாரம் இறங்கிவிட்டதை, பணியாரம் ருசித்ததிலிருந்தே உணர்ந்தேன்.

புறப்படும் நாளன்று கீரனூரில் பஸ்ஸுக்காக நின்றோம். சிவகாமி ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில் என்னை வழியனுப்ப வந்திருந்தாள். அவளை அழைத்துச் செல்ல வந்தவர், பிரசவமாகவிருக்கும் பெண்ணின் மாமன், சற்றுத் தள்ளி நின்றிருந்தார். திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவர் பொறுப்பே என்று முன்னமே பேசியாயிற்றாம். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என் பெட்டியை மேலே ஏற்றினார்.

"இந்தா புடிங்க, மாமா" என்றாள் சிவகாமி.

என் கைகள் இரண்டும் தாமாக எழுந்து அந்தக் கறுப்புப் பையை வாங்கிக்கொண்டன. அவள் குனிந்து, இம்முறை இரு கைகளாலும் என் பாதங்களைத் தொட்டாள்.

ஐயா, அம்மணி, தங்கள் இல்லத்திலும் தனிவழி போய்வரும் பெண்மக்கள் இருக்கக்கூடும். ஆதலின் வாசித்து முடித்தபின் இந்தத் தாள்களைக் கடையில் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடாமல், தயைகூர்ந்து வீட்டில் எடுத்து வைத்திருங்கள்.